ஸ்டெப்னி மாட்டிய பிறகும் டயர் விளக்கு ஏன் அணையவில்லை?

கேள்வி இது: "மதுரையிலிருந்து விருதுநகர் போகும்போது திருமங்கலம் தாண்டி பின்பக்க இடது டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாட்டிக் கிளம்பினேன். டேஷ்போர்டில் மஞ்சள் டயர் விளக்கு அணையவே இல்லை. கால் மணி நேரம் கழித்து மின்ன ஆரம்பித்தது, பிறகு மறுபடி நிலையாக எரிந்தது. ஸ்டெப்னியில் காற்று 33 சரியாக இருந்தது. சென்சார் போய்விட்டதா? ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போட்டுவிடலாம், 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். போடலாமா?"

சென்சார் போகவில்லை, கார் ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதலில் எரிந்த விளக்கு பஞ்சரான டயரைப் பற்றியது. பிறகு மின்னியது வேறு செய்தி: ஒரு சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை என்று அர்த்தம். ஸ்டெப்னியில் 33 இருந்தாலும் 13 இருந்தாலும் அந்த விளக்கு இதே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கும். 4,500 ரூபாய் செலவழிப்பதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்வது நல்லது.

விளக்கின் மொழி எளிது. சாவி போட்டதும் எரிந்து சில நொடியில் அணைந்தால் எல்லாம் சரி. அணையாமல் நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒன்று, ஒன்றரை நிமிடம் மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், காற்றைக் கண்காணிக்கும் அமைப்புக்கே ஏதோ குறை. இந்த வழக்கம் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 138-இலிருந்து பரவியது. 2007 செப்டம்பர் 1-க்குப் பிறகு அங்கே தயாராகும் எல்லாக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயம். சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் காற்று குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். நம் ஊரில் விற்கும் கார்களின் கையேட்டைப் புரட்டினாலும் பெரும்பாலும் இதே நடைமுறைதான். சிக்கல் என்னவென்றால் மின்னும் அந்த ஒரு நிமிடத்தைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு செய்தியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகம் வந்தால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பிப் பாருங்கள். குறை தீராதவரை ஒவ்வொரு முறை கிளப்பிய பிறகும் விளக்கு மறுபடி மின்னும்.

அடுத்து, உங்கள் காரில் இருக்கும் கண்காணிப்பு அமைப்பு எந்த வகை என்று தெரிய வேண்டும். ஸ்டெப்னி விஷயத்தில் இரண்டு வகையும் முற்றிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். திரையில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) எண் காட்டினால் அது நேரடி வகை. ஹூண்டாய் க்ரெட்டா, கியா செல்டோஸ் போன்றவற்றின் மேல்நிலை மாடல்களில் வருவது இது. எண் எதுவும் காட்டாமல் விளக்கு மட்டும் எரிந்து, மெனுவிலோ ஒரு பொத்தானிலோ 'டயர் அழுத்தத்தைப் பதிவு செய்' என்ற வசதி இருந்தால் பெரும்பாலும் மறைமுக வகை. ஹோண்டா சிட்டி, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் இதைச் சேர்ந்தவை. வால்வைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலோக வால்வு என்றால் உள்ளே சென்சார் இருக்க வாய்ப்பு அதிகம்தான், ஆனால் ரப்பர் வால்வோடு வரும் சென்சார்களும் உண்டு.

உங்களுடையது நேரடி வகை என்று அறிகுறிகளே சொல்கின்றன. ஒவ்வொரு அலாய் ரிம்முக்குள்ளும் வால்வின் அடியில் 30 கிராம் சுமார் எடையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் அழுத்தம் அளக்கும் சில்லு, வெப்பம் அளக்கும் சில்லு, சக்கரம் சுற்றுகிறதா என்று உணரும் சில்லு, ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு ரேடியோ. நம் நாட்டுக் கார்களில் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி ஐடி உண்டு. காரில் உள்ள ரிசீவர் நான்கு ஐடியை மட்டும் பதிந்து வைத்திருக்கும். வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி அந்த நான்கு பேரை மட்டும் எதிர்பார்க்கும். ஸ்டெப்னி புதிதாக உட்கார்ந்த பையன். பெயர் பதிவேட்டிலேயே இல்லை, பெரும்பாலும் அவனுக்கு வாயும் இல்லை, அதாவது அந்த ரிம்மில் சென்சாரே கிடையாது.

இப்போது உங்களுக்கு நடந்ததை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பஞ்சரானதும் இடது பின்சக்கர சென்சார் அழுத்தம் வேகமாக இறங்குவதை உணர்ந்து உடனே அனுப்பியது, விளக்கு நிலையாக எரிந்தது. சக்கரத்தைக் கழற்றி டிக்கியில் போட்டீர்கள். டிக்கிக்குள் இருந்தாலும் அதன் சிக்னல் ரிசீவருக்குத் தாராளமாக எட்டும்; பல சென்சார்கள் சுற்றல் நின்ற பிறகும் சில நிமிடம் பேசிவிட்டுத்தான் தூங்கும். அதனால் திரையில் பழைய குறைந்த எண்ணே நின்றிருக்கும். ஸ்டெப்னியோடு கிளம்பி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஏறத்தாழ 10 நிமிடம் ஓடியதும் ரிசீவர் கணக்குப் பார்க்கும்: மூன்று சக்கரம் பேசுகிறது, நான்காவதைக் காணோம். அப்போதுதான் எண் போய் வெறும் கோடு வரும், விளக்கு மின்னும், பிறகு நிலையாக எரியும். நீங்கள் சொன்ன கால் மணி நேரம் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இந்த நேரத்தில் மற்ற மூன்று சக்கரங்களைக் கார் கண்காணிக்கிறதா? பெரும்பாலும் ஆம். ஆனால் விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருப்பதால் இன்னொரு டயரில் காற்று இறங்கினாலும் புதிதாக எரிய விளக்கு கிடையாது. எண் காட்டும் திரை உள்ள காரில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். வெறும் விளக்கு மட்டும் உள்ள காரில் ஸ்டெப்னியோடு ஓடும் தூரம் முழுக்க எச்சரிக்கை இல்லாத பழைய கார் ஓட்டுகிறோம் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் ஒட்டி பழைய சக்கரத்தைத் திரும்ப மாட்டியதும் விளக்கு அங்கேயே அணையாது. பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் நின்ற இடத்தில் பேசுவதில்லை அல்லது அரிதாகவே பேசும். சக்கரம் சுற்றத் தொடங்கினால்தான் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். கடையிலிருந்து கிளம்பி 10 முதல் 20 நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டினால் தானாக அணையும். மாட்டுத்தாவணி சிக்னல்களில் ஊர்ந்துகொண்டே 20 நிமிடம் போனால் அது கணக்கில் சேராது; ரிங் ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மின்னினால் சந்தேகம் பஞ்சர் கடை மேல் திரும்ப வேண்டும்.

கடையில் நடக்கும் சேதம்தான் சென்சார் சாவதற்குப் பெரிய காரணம். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க மெஷினின் பக்கவாட்டுத் தகடு அழுத்தும் இடத்தில் வால்வு இருந்தால் உள்ளே உள்ள பெட்டி நொறுங்கிவிடும். வால்வு அந்தத் தகட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துத்தான் அழுத்த வேண்டும். கைக் கடப்பாரை போட்டு நெம்பும் கடையென்றால் இன்னும் கவனம். சக்கரத்தை இறக்கும்போதே "அண்ணே, வால்வுக்குக் கீழே சென்சார் இருக்கு, அந்தப் பக்கம் லிவர் போடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வேலை தெரிந்தவர் தலையாட்டிவிட்டு வால்வு இருக்கும் இடத்தில் டயர்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அப்படிச் செய்கிற கடையை விடாதீர்கள்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது. டயர் பக்கவாட்டில் கிழிந்தாலோ பெரிய வெட்டு விழுந்தாலோ, "ட்யூப் போட்டுடலாம் சார்" என்று சொல்லும் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. ட்யூபின் வால்வு ரிம்மில் அதே ஓட்டை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஆகவே சென்சாரைக் கழற்றி எடுத்தால்தான் ட்யூப் போட முடியும். பக்கவாட்டு வெட்டுக்கு ட்யூப் போடுவதே தப்பான வைத்தியம். வேறு வழியே இல்லாமல் போட்டால், கழற்றிய சென்சாரை நட்டு, வாஷரோடு கையில் வாங்கி ஒரு கவரில் போட்டு கிளவ் பாக்ஸில் வையுங்கள். பழைய வால்வு என்று குப்பையில் போய்விட்டால் அதற்குத்தான் உண்மையிலேயே ஆயிரக்கணக்கில் அழ வேண்டி வரும்.

உலோக வால்வு உள்ள சென்சாருக்கு மூடி பிளாஸ்டிக்கில் இருப்பதே நல்லது. பளபளப்பாக இருக்கிறதே என்று பித்தளை மூடி போட்டால் அலுமினியத் தண்டோடு அரித்து ஒட்டிக்கொள்ளும். திருகும்போது தண்டே முறியும். உள்ளே போடும் வால்வு ஊசியும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும், சாதாரணப் பித்தளை ஊசி அல்ல. டயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் வாஷர், நட்டு, ஊசி, மூடி கொண்ட சிறு செட்டைப் புதிதாகப் போடுவது முறை; செலவு சொற்பம். டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் பயன்படுத்தியிருந்தால் ஒட்டும் முன்பே கடைக்காரரிடம் சொல்லுங்கள். சென்சாரின் அழுத்தம் உணரும் ஓட்டை ஊசிமுனை அளவுதான். அதில் பசை காய்ந்துவிட்டால் எண் ஒரே இடத்தில் உறைந்து நிற்கும்.

மறைமுக வகைக்கு வருவோம். இதில் சக்கரத்துக்குள் எதுவுமே இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்-க்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வேகம் அளக்கும் சென்சாரையே இது பயன்படுத்துகிறது. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் கொஞ்சம் சுருங்கும், அதனால் மற்ற சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கிறது. புதிய அமைப்புகள் டயரின் அதிர்வையும் அலசும். கவனிக்க வேண்டியது, காற்று நாலில் ஒரு பங்கு குறைந்தாலும் சுற்றும் வேகத்தில் வரும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைவிடக் குறைவு. அவ்வளவு நுட்பமாகப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் அளவு மாறிய ஸ்டெப்னியைக் கொண்டுபோய் மாட்டினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 215/60 ஆர் 17 டயரின் விட்டம் 690 மில்லிமீட்டர் சுமார். அதே காருக்கு 205/65 ஆர் 16 ஸ்டெப்னி என்றால் 673 சுமார். வித்தியாசம் ஏறக்குறைய 2.5 சதவீதம், ஒரு கிலோமீட்டருக்கு ஸ்டெப்னி மற்ற சக்கரங்களைவிட 11, 12 சுற்று கூடுதலாகச் சுற்றும். மறைமுக அமைப்பு இதைக் கடும் காற்றுக்குறைவு என்று நினைத்து விளக்கை எரிக்கலாம்; அல்லது இவ்வளவு வித்தியாசம் காற்றால் வராது, யாரோ சின்னச் சக்கரம் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டு கண்காணிப்பையே நிறுத்திக் குறை விளக்கை எரிக்கலாம். இதற்கு மாறாக 185/55 ஆர் 16 டயருக்கு 175/65 ஆர் 15 ஸ்டெப்னி வைத்தால் 610-க்கு 608.5. அகலமும் ரிம்மும் வேறு, ஆனால் உயரம் ஏறத்தாழ ஒன்று. அமைப்புக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம், விளக்கு எரியாமலே இருக்கலாம்.

உங்கள் காரின் இரண்டு அளவையும் டயர் பக்கவாட்டில் பார்த்துக் கணக்கிடுங்கள். முதல் எண்ணை இரண்டாவது சதவீதத்தால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கியதோடு கூட்டினால் மில்லிமீட்டரில் விட்டம் வரும்.

ஒரே அளவு ஸ்டெப்னி இருந்தாலும் மறைமுக அமைப்பு தடுமாறும் ஒரு சூழ்நிலை உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. புது டயரின் பட்டன் ஆழம், அதாவது தரையைத் தொடும் பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழம், 8 மில்லிமீட்டர் சுமார். 40,000 கிலோமீட்டர் ஓடிய மற்ற நான்கில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் டிக்கியில் தூங்கிய ஸ்டெப்னி விட்டத்தில் 10 மில்லிமீட்டர் பெரிது. டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையின் நீளம் மாறாததால் இந்த 10 முழுதாக உருளும் சுற்றளவில் வெளிப்படாது. ஆனாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழே தேடுகிற அமைப்பைக் குழப்பப் போதும். பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றும். அப்போது எதிர்ப்பக்க நல்ல டயர்தான் வேகமாகச் சுற்றுவதாகத் தெரியும், காற்று சரியாக உள்ள டயருக்கு எச்சரிக்கை வரும்.

இந்த வகையில் பலர் செய்யும் தவறு, விளக்கு எரிந்ததும் ரீசெட்டை அழுத்துவது. ரீசெட் என்பது விளக்கை அணைக்கும் ஸ்விட்ச் கிடையாது. 'இப்போது இருக்கிற நிலைதான் சரியான நிலை, இதைக் கற்றுக்கொள்' என்று காருக்குச் சொல்லும் கட்டளை. 26 பிஎஸ்ஐ-யில் வைத்து அழுத்தினால் 26-ஐயே சரி என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இன்னும் நன்றாக இறங்கினால்தான் எச்சரிக்கும். அளவு மாறிய தற்காலிக ஸ்டெப்னி மாட்டியிருக்கும்போது அழுத்தவே வேண்டாம். பழைய சக்கரம் திரும்ப வந்து, நான்கிலும் காலையில் குளிர்ந்த டயரில் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று வைத்து, அதன் பிறகு அழுத்துங்கள். கற்றுக்கொள்ளச் சில கார்கள் மொத்தம் அரை மணி நேர ஓட்டம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை அதன் மௌனத்தை நம்ப வேண்டாம்.

நம் சுற்றுவட்டாரத்துப் பஞ்சரில் பெரும்பங்கு சீமைக்கருவேல முள்தான். திருமங்கலம், கள்ளிக்குடி, அருப்புக்கோட்டை பக்கம் வண்டியை ரோட்டோரம் இறக்கினால் போதும். முள் டயருக்குள் ஏறி வெளிப்பக்கம் ஒடிந்துவிடும், நுனி ரப்பரோடு சமமாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்று ஒரேயடியாகப் போகாமல் நாளுக்கு 2, 3 பிஎஸ்ஐ மட்டும் இறங்கும். நேரடி வகை தன் திறமையைக் காட்டும் இடம் இதுதான்: மூன்று டயர் 33, ஒன்று மட்டும் 29 என்று திரையில் பார்த்தவுடனே, விளக்கு எரிவதற்கு இரண்டு நாள் முன்பே பிடித்துவிடலாம். அப்படித் தெரிந்தால் ஸ்டெப்னி மாட்டவே தேவையில்லை. காற்று ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்ச் சோப்பு நுரையில் தேடச் சொல்லுங்கள். நான்கும் ஒரே அளவு குறைந்தால் முள் கிடையாது, குளிர்.

அந்தக் குளிர் விஷயத்தில் கொடைக்கானல் போகிறவர்கள் ஏமாறுவது அடிக்கடி நடக்கும். ஏறத்தாழ 6 டிகிரி இறங்கினால் 1 பிஎஸ்ஐ குறையும். மதுரை வெயிலில் 45 டிகிரி சூட்டில் இருக்கும் டயருக்கு 30 வைத்து மலை ஏறினால், மறுநாள் விடியலில் 10 டிகிரி குளிரில் டயரில் அழுத்தம் இறங்கிப்போயிருக்கும். இதற்கு மேல் இன்னொரு கூத்து. பல சென்சார்கள் முழு அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7 பிஎஸ்ஐ-யைக் கழித்துக் காட்டும். 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 11.4 சுமார்தான். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யாத கார்களில் திரை 25 காட்டி விளக்கு எரியும். அதே டயரில் காற்று அளக்கும் கேஜ் வைத்தால் 28 காட்டும். பஞ்சர் என்று நினைத்து ஏரிக்கரையோரம் ஜாக்கி போட்டு, நல்ல டயரைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டி, அதனால் குறை விளக்கும் சேர்ந்து எரிய, சுற்றுலா அத்தோடு முடிந்தது என்று இறங்கி வருகிறவர்கள் உண்டு. நான்கும் சேர்ந்து இறங்கியிருந்தால் காற்று மட்டும் வையுங்கள். கீழே வத்தலக்குண்டு வந்ததும் கூடுதலாகத் தெரிந்தால், டயர் ஆறிய பிறகு அளந்து சரிசெய்யலாம். சூடான டயரில் அவசரப்பட்டு இறக்க வேண்டாம்.

சரி, ஐந்தாவது சென்சார். வேண்டாம் என்பதே என் பதில். காரணம், நம் சந்தைக் கார்களில் பெரும்பாலானவை நான்கு ஐடிக்கு மேல் பதிவதில்லை. ஸ்டெப்னியில் சென்சார் போட்டாலும் டிக்கியில் கிடக்கும்வரை கார் அதைக் கேட்காது. மாட்டிய பிறகு புது ஐடியைத் தானாகக் கற்றுக்கொள்ளும் காராக இருந்தால் 10, 20 நிமிட ஓட்டத்தில் விளக்கு அணையும். இல்லாவிட்டால் ஸ்கேனர் வைத்துப் பதிய வேண்டும், அதற்குள் பஞ்சரே ஒட்டி முடிந்திருக்கும். வேறு சென்சாரின் ஐடியைப் பிரதி எடுத்துப் போடும் புரோகிராம் சென்சார்களும் கிடைக்கின்றன. எந்தச் சக்கரத்தின் ஐடியைப் பிரதி எடுப்பீர்கள்? எது பஞ்சராகும் என்று முன்கூட்டித் தெரியாதே. தவிர சென்சார் பேட்டரிக்கு 5 முதல் 10 ஆண்டுதான் ஆயுள், பேட்டரியை மட்டும் மாற்ற முடியாதபடி பசையில் அடைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் ஓடப்போகும் சக்கரத்துக்கு இது வீண். ஸ்டெப்னி முழு அளவு அலாயாக இருந்து, ஐந்து டயரையும் சுழற்சி முறையில் மாற்றி ஓட்டுகிறவராக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் உங்கள் கார் தானாகக் கற்றுக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்ட பிறகே.

தொழிற்சாலையிலேயே சென்சார் வராத காருக்கு வெளியே வாங்கிப் போடும் மூடி வகை சென்சார் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் வகை. பஞ்சரான சக்கரத்திலிருந்து கழற்றி ஸ்டெப்னி வால்வில் திருகிவிட்டால் வேலை முடிந்தது. பதிவும் கிடையாது, ஸ்கேனரும் கிடையாது. திருகிய பிறகு சோப்பு நீர் தொட்டு வைத்து குமிழி வருகிறதா என்று பாருங்கள், கசிவு அங்கேதான் தொடங்கும். ஸ்டெப்னி 60 பிஎஸ்ஐ கேட்கும் ஒல்லி வகை என்றால் அதிக அழுத்தம் என்று அலறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பழைய ரப்பர் வால்வில் இந்த எடை தொங்கினால் வேகத்தில் வால்வின் அடி வெடிக்கும் என்பதால் வால்வைப் புதிதாக்கிக்கொண்டு மாட்டுங்கள்.

மாட்டுவதில் ஒரு விஷயம். முன்சக்கர இழுவை உள்ள காரில் சிறிய ஸ்டெப்னி முன்னால் போகாமல் இருப்பது நல்லது. இரண்டு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் சுற்றுவதால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும், பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன் டயர் பஞ்சர் என்றால் பின்னால் உள்ள முழு டயரை முன்னுக்கு மாற்றி ஸ்டெப்னியைப் பின்னால் போடுவதே சரி. கப்பலூர் டோல்கேட் அருகே உச்சி வெயிலில் இரண்டு முறை ஜாக்கி ஏற்ற யாருக்கும் மனம் வராது, அது புரிகிறது. கடை 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் அப்படியே மெதுவாகப் போய்விடுங்கள். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை அப்படியே ஓட்ட நினைக்காதீர்கள். 'தற்காலிகம்' என்றோ மணிக்கு 80 என்றோ ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டெப்னிக்கு 80 என்பது உச்சவரம்பு, பயண வேகம் அல்ல. சக்கரங்களை இடம் மாற்றினால் திரையில் எந்த எண் எந்தச் சக்கரம் என்பதும் மாறியிருக்கலாம்; சில கார்கள் தானாகக் கண்டுபிடிக்கும், சில பழைய இடத்தையே காட்டும். ஒரு டயரில் 3 பிஎஸ்ஐ இறக்கி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 3.5 டன் வரையுள்ள பயணியர் கார்களில் டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறை. மேலூர்ப் பக்கக் கல்குவாரி லாரிகள் சிந்தும் கூர்க்கல் பக்கவாட்டைக் கிழித்தால் எந்தக் கிட்டும் உதவாது. ஸ்டெப்னி தேர்வாகக் கிடைக்கும் மாடலென்றால் வாங்கிவிடுங்கள்.

4,500-இல் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். டிக்கியில் இருக்கும் டயரை எந்த சென்சாரும் பார்ப்பதில்லை. சும்மா கிடந்தாலும் மாதம் 1 பிஎஸ்ஐ சுமார் தானாகக் குறையும். ஒரு வருஷம் தொடாமல் விட்டால் தேவைப்படும் நாளில் 20-தான் இருக்கும், அதை மாட்டினாலும் விளக்கு ஒன்றும் சொல்லாது. முழு அளவு ஸ்டெப்னியில் வழக்கத்தைவிட 4, 5 பிஎஸ்ஐ கூட்டியே வையுங்கள், மாட்டிய பிறகு இறக்கிக்கொள்ளலாம். ஒல்லி வகைக்குப் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் 60-ஐயே வையுங்கள். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் தம்பி பழக்கத்தில் 35-இல் நிறுத்திவிடுவார், எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வருஷம் தாண்டியதென்றால் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று டயர் கடையில் காட்டுங்கள். பத்து தாண்டினால் மாற்றிவிடுங்கள். இன்னோவா மாதிரி வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியானால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது கீழே இறக்கி, தொங்கவிடும் சங்கிலிக்கும் திருகுக்கும் கிரீஸ் தடவுங்கள். துருப்பிடித்து இறங்க மறுத்தால் உள்ளே காற்று எவ்வளவு இருந்தும் பயனில்லை.